பத்து

தேவகோட்டை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
எனக்கு ஒரு மேசை, ஒரு கணினி, மழைக்கு ஒரு தார்ப்பாய்.
பத்திரம் எழுதுகிறவன்.
எண்ணால் எழுதியதை அடுத்தே எழுத்தாலும் எழுதுவேன்.
ஒன்று பொய் சொன்னால்
மற்றது காட்டிக்கொடுக்கும்.

வயி. சா. வீட்டுப் பாகப்பிரிவினைக்குக் கூப்பிட்டார்கள்.
இரண்டாங்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகள்,
ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில்.
வெள்ளிக் கூஜா, பர்மா தேக்குக் கட்டில் என்று
சுமுகமாகப் போன பட்டியல்
நூற்று நாற்பதாவது உருப்படியில் நின்றது.
இரும்புப் பெட்டியில் பேரேடு,
பேரேட்டுக்குள் துண்டுக் காகிதம்,
நீல மையில் இரண்டே சொல்:
'சிகப்பிக்குப் பத்து.'

சிகப்பி வழியில் வந்தவர் உமையாள்.
"பத்துப் பங்கோ பத்து ஏக்கரோ
எதுவானாலும் பத்து எங்களுக்கு" என்றார்.

மெய்யப்பன் ஆடிட்டர், கண்ணாடியைத் துடைத்தார்.
"பத்து இல்லம்மா, பற்று.
வாங்கினது பற்று, கொடுத்தது வரவு.
சிகப்பி வாங்கியிருக்கிறார். திருப்பவில்லை."
ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது.

ஈப்போவிலிருந்து வந்த தேனப்பனுக்குச் சிரிப்பு.
"அப்பச்சி முப்பது வருஷம் மலாயில்.
அங்கே பத்து என்றால் கல்.
மோதிரக் கல்லும் பத்து,
டார்ச் லைட்டுக்குப் போடுகிற கட்டையும் பத்து,
ரோட்டோர மைல்கல்லும் பத்து, மைலும் பத்து.
கடை இருந்தது பத்து லீமாவில், ஐந்தாவது மைல்.
லீமா என்றால் ஐந்து என்று யாரோ சொல்லக் கேட்டு,
பத்தும் ஐந்தும் பதினைந்து என்று கூட்டி,
கப்பலில் இறங்கிய பெட்டியடிப் பையன் ஒருவன்
கடையைத் தாண்டிப் பத்து மைல் நடந்தானாம்."

எல்லாரும் சிரித்து முடித்தபோது
சுப்பையா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கண்டியில் பள்ளிக்கூடம் படித்தவர்.
"சிங்களத்தில் பத்து என்றால் பற்றிக்கொண்டது.
விளக்கு பத்து. அடுப்பு பத்து.
ஒரு ராத்திரி எங்கள் கடை பத்து."
அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை.
யாரும் கேட்கவும் இல்லை.

பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த பேச்சி
கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள்:
"முழங்காலுக்குப் பத்துப் போடச் சொல்லி எழுதியிருக்கும்.
இதுக்குப் போய் இத்தனை நாற்காலி."

நான் பேரேட்டைப் புரட்டினேன்.
எழுதியவருக்குப் பத்து என்றால் ௰.
பக்கம் பக்கமாக ௰, ௰, எங்கேயும் எழுத்தில் இல்லை.
கடன் என்றால் பற்று,
இரண்டு றகரமும் ஆணி அடித்தாற்போல.
இந்தக் காகிதத்தில் மட்டும் தகரம்.
ஆக, எண் இல்லை. கடனும் இல்லை.
சத்தமாகச் சொல்லிவிட்டேன்.
கூலி வாங்குகிறவன் சொல்லியிருக்கக் கூடாது.

தேனப்பன் பெட்டியைக் கவிழ்த்தார்.
செல்லாத சாவிகள், அரக்கு முத்திரை,
கடைசியில் ஒரு மோதிரம்.
கல் இல்லை.
கல்லைப் பிடித்திருந்த நான்கு நகங்களும்
மேலே பார்த்து விரிந்திருந்தன.
உமையாள் போட்டுப் பார்த்தார், விரலுக்குச் சரியாக இருந்தது.
கல் கொடுத்தாரா, இருந்த கல்லை எடுத்தாரா,
எத்தனை மைல் தள்ளி நின்று எழுதினாரோ,
எது பற்றி எரிந்ததோ.

நாலு மணிக்கு அச்செடுத்தேன்.
'மோதிரம் ஒன்று (1), கல் அற்றது.
துண்டுக் காகிதம் ஒன்று (1),
அதில் சிகப்பிக்குப் பத்து என்று கண்டிருக்கிறது.
இரண்டும் திருமதி உமையாள் அவர்களுக்கு.'

பதிவு அலுவலக எழுத்தர்
சிவப்பு மையில் சுழித்துத் திருப்பிவிட்டார்:
'பத்து: எண்ணாலும் குறிப்பிடவும்.'

மேசைக்கு வந்து உட்கார்ந்தேன்.
அடைப்புக்குறி இரண்டையும் போட்டாயிற்று.
தார்ப்பாயில் மழை விழத் தொடங்கியது.
( )